சத்து டப்பாவும் என் சுண்டுவிரலும்

மூன்று மாதத்துக்கு முன் ஒரு மாலை. ஆபீஸ் விட்டு வந்து சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டேன். என் மனைவி மங்கை அதை எடுத்து முகர்ந்து பார்த்தாள்.

தப்பாக நினைக்காதீர்கள். அவள் தேடியது மல்லிகைப்பூ வாசனையை அல்ல. நெய் வாசனையை. அல்வா, மைசூர்பாகு, ஜிலேபி... இதில் ஏதாவது ஒன்று அந்தப் பாக்கெட்டுக்குள் வந்து போயிருக்கிறதா என்று விசாரணை.

"தின்னீங்களா, இல்லியா?" என்றாள்.

இல்லை என்றேன். சத்தியமாக இல்லை. இருபத்திரண்டு வருடக் குடித்தனத்தில் நான் முழு நிரபராதியாக நின்ற மிகச் சில சந்தர்ப்பங்களில் அது ஒன்று. அன்றைக்குப் பார்த்துத்தான் அவள் என்னை நம்பவில்லை.

மூன்று வாரமாக இந்தப் பக்கத்தில் என்னைக் காணோமே என்று பல பேர் கார்டு போட்டிருந்தீர்கள். அரியலூர் வாசகர் ஒருவர், 'சரக்குத் தீர்ந்துவிட்டதா?' என்று ஒரே வரியில் கேட்டிருந்தார். சரக்கெல்லாம் இருக்கிறது ஐயா. குறைந்தது வேறொன்று. என் வலது காலின் சுண்டுவிரல். அது போன கதைதான் இந்த வாரம்.

எனக்குச் சர்க்கரை வியாதி. வேலை பார்ப்பது எறையூர் சர்க்கரை ஆலையில் – கரும்பு ஆபீஸில் ஹெட்கிளார்க். இந்த இரண்டு வாக்கியங்களையும் அடுத்தடுத்துச் சொன்னால் யாருக்கும் சிரிப்பு வரும். எனக்கே வரும். வியாதி வந்த செய்தி ஆலைக்குள் பரவிய அன்று, எடைமேடையில் இருக்கும் ஒருவர் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்: "ஆலையில உற்பத்தி பத்தலன்னு சார் ஒடம்புலயே ஆரம்பிச்சிட்டாரு."

பெரம்பலூரில் எனக்கு வைத்தியம் பார்க்கிற டாக்டர் நல்ல மனிதர். பெயர் வேண்டாம். இந்தப் பத்தியைப் படிக்கிறவர். மாத்திரை எழுதிக் கொடுத்தார். சர்க்கரை, வெல்லத்தை நிறுத்து, சோற்றைக் குறை, கிழங்கு கூடாது என்று ஒரு பட்டியலும் சொன்னார். நான் நிறுத்தினேன். சும்மா நிறுத்தவில்லை – ஊரைக் கூட்டி நிறுத்தினேன். டீக்கடையில், "எனக்கு மட்டும் சக்கரை இல்லாம" என்று நான் சொல்லுகிற தோரணையைப் பார்த்தால், ராஜ்யத்தைத் துறந்துவிட்டு வந்தவன் என்றே நினைப்பீர்கள். வயல் பார்க்கப் போனால் விவசாயிகள் கரும்புச் சாறு நீட்டுவார்கள். கையெடுத்துக் கும்பிட்டு மறுப்பேன். கல்யாண வீட்டில் என் இலையில் வைத்த கேசரியைப் பக்கத்து இலைக்குத் தள்ளுவேன். பக்கத்து இலைக்காரர் என்னைப் பரிதாபமாகப் பார்த்துக்கொண்டே அதைச் சாப்பிடுவார்.

பலன்? இருந்தது. வீட்டிலேயே பரிசோதனை செய்துகொள்ளலாம் என்று டாக்டர் ஒரு கண்ணாடிக் குழாயும் நீலத் திரவம் ஒரு பாட்டிலும் வாங்கச் சொல்லியிருந்தார். அனுபவஸ்தர்களுக்குத் தெரியும். குழாயில் கொஞ்சம் நீலத் திரவம், அதில் எட்டுச் சொட்டுச் சிறுநீர், ஸ்பிரிட் விளக்கில் காட்டிக் கொதிக்க வைத்தால் நிறம் மாறும். நீலமாகவே இருந்தால் நீங்கள் யோக்கியர். பச்சை என்றால் கொஞ்சம் சந்தேகம். மஞ்சள், ஆரஞ்சு என்று போய், கடைசியில் செங்கல் நிறம் வந்தால் – கையும் களவுமாக அகப்பட்டீர்கள் என்று அர்த்தம். என் குழாயில் மூன்றே மாதத்தில் பச்சை வந்து, நீலத்தை நெருங்கிக்கொண்டிருந்தது. மங்கை அந்தக் குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, மகன் பாஸான மார்க் ஷீட்டைப் பார்க்கிற மாதிரிச் சிரிப்பாள்.

அந்த நேரத்தில்தான் ஹபீப் பாய் துபாயிலிருந்து வந்தார்.

ஹபீப் பாய்க்கு ஊர் லப்பைக்குடிக்காடு. எட்டு வருடத்துக்கு முன் அவருடைய பாஸ்போர்ட் விண்ணப்பத்தை நான்தான் பூர்த்தி செய்து கொடுத்தேன். அதை அவர் மறக்கவே இல்லை. துபாயில் ஒரு கம்பெனி ஆபீஸில் டீ போட்டுக் கொடுக்கிற வேலை. ஒவ்வொரு முறை வரும்போதும் எனக்கென்று பேனா, டார்ச் லைட், தைலம் என்று ஏதாவது கொண்டுவருவார். இந்த முறை கம்பெனி மாறுவதால் புது விசாவுக்காகக் காத்துக்கொண்டு ஊரோடு இருந்தார். வந்தவுடன் எனக்கு வியாதி என்று கேள்விப்பட்டிருக்கிறார். மூன்று பெரிய டப்பாக்களைப் பையில் போட்டுத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி வந்துவிட்டார்.

சாக்லேட் பானப் பொடி. பாலில் கலந்து குடிக்க வேண்டியது. கம்பெனி பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னாலும் நம் கடைகளில் கிடைக்காது. பழுப்பு நிற டப்பா, பொன்னெழுத்து. முன்பக்கத்தில் ஓர் இளைஞன் தடை தாண்டி ஓடிக்கொண்டிருந்தான். ஒரு கையில் ஆவி பறக்கும் கோப்பை. ஓடுகிறவன் கையில் கோப்பை எதற்கு, சிந்தாதா என்று அப்போதே எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. பலம், சக்தி, வைட்டமின் என்று ஆங்கிலத்தில் பெரிய எழுத்தில் போட்டிருந்ததை மங்கைக்கு நான்தான் கம்பீரமாகப் படித்துக் காட்டினேன். என் ஆங்கிலப் புலமை முன்பக்கத்தோடு நின்றுகொண்டது.

மங்கைக்கு அந்த டப்பாக்கள் கடவுள் அனுப்பியவை. சர்க்கரையை நிறுத்தியதிலிருந்து நான் இளைத்துப் போனேன் என்று அவளுக்கு ஒரு கவலை. வியாதியே இளைக்க வைக்கும் என்று டாக்டர் சொன்னதை அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. காலையில் ஒரு டம்ளர், மாலையில் ஒரு டம்ளர், படுக்கப் போகும் முன் ஒரு டம்ளர். டம்ளருக்கு மூன்று ஸ்பூன்.

முதல் டம்ளரை நான் குடித்து முடித்ததும் அவள் சொன்னதை அப்படியே தருகிறேன்: "ஒரு ஸ்பூன் சக்கரை கூடப் போடலீங்க. போடாமலே எவ்ளோ நல்லாருக்கு பாத்தீங்களா?"

நல்லாத்தான் இருந்தது.

பத்தே நாளில் குழாய் மஞ்சளுக்குப் போனது. அடுத்த வாரம் ஆரஞ்சு. அதற்கடுத்த வாரம்... எங்கள் வீட்டுக் கொல்லைச் சுவர் பூசாத செங்கல் சுவர். குழாயை அதன் பக்கத்தில் பிடித்தால் வித்தியாசம் தெரியவில்லை.

விசாரணை அப்போது ஆரம்பித்ததுதான். சட்டையை முகர்வது ஆரம்பக் கட்டம். அடுத்து, வெல்ல டப்பா அலமாரிக்குள் போய்ப் பூட்டிக்கொண்டது. சாவி அவள் தாலிச் சரட்டில். அதற்கும் அடுத்து, அவள் தம்பி சேகர் களத்தில் இறக்கப்பட்டான்.

சேகருக்கு ஊர் கீழப்பழுவூர். பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் ஒரு தனியார் பஸ் கம்பெனிக்கு டைம் கீப்பர். பஸ் ஸ்டாண்டில் அவன் நிற்கிற இடத்துக்கு நேர் எதிரே ஒரு ஸ்வீட் ஸ்டால். உளவு பார்க்க இதைவிட நல்ல இடம் ஒருத்தனுக்கு அமையுமா? பஸ் எத்தனை நிமிஷம் நின்றது என்று எழுதுகிற பழக்கத்தில் என்னையும் எழுதிவிட்டான். 'மாமா ஸ்வீட் ஸ்டால் முன்னால் நாலு நிமிஷம் நின்றார்' என்று அக்காவுக்கு ரிப்போர்ட் போனது. நான் நின்றது வாஸ்தவம். எறையூர் பஸ் அங்கேதான் நிற்கும். வேறெங்கே போய் நிற்பது? ஆனால் ஸ்டால் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றேனாம். அதுதான் குற்றம்.

மங்கை என்னோடு பேசுவதை நிறுத்தினாள். பேச்சுத்தான் நின்றதே தவிர டம்ளர் நிற்கவில்லை. மூன்று வேளையும் சத்தமாக மேஜைமேல் வந்து உட்கார்ந்துவிட்டுப் போகும். கணவன் திருட்டுத்தனமாக இனிப்புத் தின்று உடம்பைக் கெடுத்துக்கொள்கிறான். நாமாவது சத்தைக் கொடுத்து ஈடுகட்டுவோம் என்று... அவள் கோபத்திலும் என்மேல் இருந்த அக்கறைதான் மூன்று ஸ்பூனை நாலாக்கியது.

டாக்டரும் அவள் கட்சி. காபியில் சர்க்கரை போடுகிறீர்களா என்று கேட்டார். இல்லை என்றேன். ஸ்வீட்? இல்லை. பழம்? இல்லை. என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மாத்திரையை இரண்டு மடங்காக்கிவிட்டு, பொய் சொல்கிற நோயாளிக்கு மருந்து கண்டுபிடிக்கவில்லை என்று நர்ஸிடம் சொன்னார். எனக்குக் கேட்கவேண்டும் என்றே சொன்னார். அவரும் பால் குடிக்கிறீர்களா, அதில் என்ன கலக்கிறீர்கள் என்று கேட்கவில்லை. நாங்களும் சொல்லவில்லை. சத்துக்கும் சர்க்கரைக்கும் என்ன சம்பந்தம்?

இதற்கு நடுவில் புதுச் செருப்பு வாங்கினேன். வலது சுண்டுவிரலில் கடித்தது. சின்னக் கொப்புளம். உடைந்தது. வலிக்கவே இல்லை, அதனால் கவனிக்கவே இல்லை. வலிக்காததுதான் ஆபத்து என்று பிற்பாடு சொன்னார்கள். ஒரு காலையில் மங்கை வாசலைக் கூட்ட வந்தவள், சிமெண்டுத் தரையில் நான் நடந்து போன வழியெல்லாம் ஈரமாக ஒரு பொட்டு, ஒரு பொட்டு என்று இருப்பதைப் பார்த்தாள். என்னை உட்கார வைத்துக் காலைத் தூக்கிப் பார்த்தாள். பல வாரம் கழித்து அன்றுதான் பேசினாள்.

"வண்டி கூப்புடட்டுமா?" என்றாள்.

டாக்டர் விரலைப் பார்த்ததும் தன்னுடைய நர்ஸிங் ஹோமிலேயே கட்டிலில் போட்டுவிட்டார். சிரித்துப் பேசுகிறவர், அன்று சிரிக்கவில்லை. ஊசி போட ஆரம்பித்தார். சாப்பாடெல்லாம் அவர் சொன்னபடிதான். மூன்று நாள் ஆயிற்று. கட்டிலை விட்டு நான் இறங்கவில்லை. வார்டில் ஸ்வீட் ஸ்டால் கிடையாது. அப்படியும் காலையில் குழாய் செங்கலாகவே வந்தது. டாக்டருக்கு முதல் முறையாக என்மேல் இருந்த சந்தேகம் போய், தன்மேல் சந்தேகம் வந்துவிட்டது போலிருந்தது.

மூன்றாம் நாள் காலை அவர் ரவுண்ட்ஸ் வந்தபோது மங்கை பிளாஸ்க்கிலிருந்து எனக்கு ஊற்றிக்கொண்டிருந்தாள்.

டாக்டர் நின்றார். அவர் மூக்கு ஒரு முறை உறிஞ்சியது. என்ன அது என்றார். மங்கை கொஞ்சம் பெருமையாகவே பதில் சொன்னாள் – துபாய் டப்பா, சத்து மாவு, மூன்று வேளையும் தவறாமல் கொடுக்கிறேன், இரண்டு மாதத்துக்கு மேலாக ஒரு நாள் விட்டதில்லை, ஒரு துளி சர்க்கரை சேர்ப்பதில்லை.

டாக்டர் டம்ளரை வாங்கினார். ஒரே ஒரு துளியை விரலில் தொட்டு நாக்கில் வைத்தார். டப்பாவைக் கொண்டுவரச் சொன்னார். டப்பா கட்டிலுக்குக் கீழேயே இருந்தது.

இப்போது ஒரு சிக்கல். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் பெட்டியில் எது யாருக்கு என்று தெரிய, சாமான்கள் மேல் பேர் எழுதிய காகிதத்தை ஒட்டி வைப்பார்கள் அல்லவா? என் டப்பாவின் மேலும் 'கரும்பாபீஸ் சார்' என்று ஒரு துண்டு ஒட்டியிருந்தது. எங்கே? ஆங்கிலத்தில் பொடி எழுத்தில் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று அச்சடித்திருந்த இடத்துக்கு மேலேயே. டாக்டர் நகத்தால் சுரண்டினார். பசை நல்ல பசை. காகிதத்தோடு அச்சும் சேர்ந்து உரிந்து வந்துவிட்டது. டப்பாவின் மறுபக்கத்தில் அதே விவரம் இருந்தது. அரபியில்.

அந்த நேரம் பார்த்து ஹபீப் பாயும் அவர் மனைவி ஜொஹரா அம்மாளும் என்னைப் பார்க்க வந்தார்கள். கையில் ஆரஞ்சுப் பழம்.

இவருக்கு அரபி தெரியுமா என்று டாக்டர் கேட்டார். பாய் நெளிந்தார். எட்டு வருடத்தில் பேசக் கற்றுக்கொண்டாரே ஒழிய எழுத்துக் கூட்டத் தெரியாது. ஆனால் ஜொஹரா அம்மாளுக்குச் சின்ன வயதிலேயே குர்ஆன் ஓதிப் பழக்கம். எழுத்துத் தெரியும். பேச்சு அரபியில் ஒரு வார்த்தைக்கும் அர்த்தம் தெரியாது. படிக்கத் தெரிந்தவருக்கு அர்த்தம் தெரியாது, அர்த்தம் தெரிந்தவருக்குப் படிக்கத் தெரியாது. இரண்டு பேரையும் ஒரே கட்டிலின் ஓரத்தில் உட்கார வைத்தோம்.

அந்த அம்மாள் டப்பாவைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டார். "கிதாபுல இருக்குற மாதிரி உச்சரிப்புக்கு மேலயும் கீழயும் கோடு போடலீங்க. குத்துமதிப்பாத்தான் வாசிக்கணும்" என்றார். பிறகு எழுத்து எழுத்தாகச் சொல்ல ஆரம்பித்தார்.

"மொதல்ல ஸீன்... அப்பறம் காஃப்... ரே. ஸகர்... ஸிகர்..."

கொஞ்சம் யோசித்தார். "ஸுக்கர்."

எட்டு வருடமாக ஒரு நாளைக்கு நூறு தடவை பாய் காதில் விழுந்த வார்த்தை அது. டீ கேட்கிறவர்கள் ஒவ்வொருவரும் எவ்வளவு வேண்டும் என்று சொல்லுவார்களே, அந்த வார்த்தை. அவர் மொழிபெயர்க்கத் தேவையே இல்லாமல் போயிற்று. மங்கைக்குக்கூடப் புரிந்துவிட்டது. சுக்கர். சக்கரை. கடல் தாண்டிப் போயும் அது பேரைப் பெரிதாக மாற்றிக்கொள்ளவில்லை.

அடுத்தது என்ன என்றார் டாக்டர். கக்காவ் என்று அந்த அம்மாள் படித்தார், கோகோ. பிறகு ஹலீப்; பால் என்றார் பாய், மெதுவான குரலில். பிறகு குளுகோஸ் – அது எல்லாப் பாஷையிலும் குளுகோஸ்தான். மில்ஹ்; உப்பு. கடைசியில் வைட்டமின். முன்பக்கத்தில் தங்க எழுத்தில் பெரிதாக மின்னிய வைட்டமின், பின்பக்கத்தில் கடைசி ஆளாக, மூலையில் நின்றுகொண்டிருந்தது.

டாக்டர் விளக்கினார். எது அதிகமோ அதைத்தான் முதலில் போடுவார்கள். இரண்டாவதாக வருகிற கோகோ வெறும் கசப்பு. சர்க்கரை இல்லாமல் வாயில் வைக்க முடியாது. ஆகவே இந்த மனிதர் இரண்டு மாதமாகக் குடித்தது, கொஞ்சம் கோகோ தூவிய சர்க்கரையை. அதுவும் மூன்று வேளை. இவ்வளவையும் அவர் திட்டாமல் சொன்னார். திட்டியிருந்தால் தேவலை.

ஹபீப் பாய் எழுந்து கட்டிலின் கால்மாட்டில் போய் நின்றார். கட்டுப் போட்டிருந்த என் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் கொண்டாந்து குடுத்தது சார்" என்றார்.

நீங்கள் கொடுத்தது அன்பு பாய், குடித்தது நான்தானே என்றேன். அவர் கேட்கவில்லை. அன்றிலிருந்து நான் வீடு திரும்பும் வரை தினமும் காலை பஸ்ஸில் லப்பைக்குடிக்காட்டிலிருந்து வந்து, வார்டு வாசலில் உட்கார்ந்திருந்துவிட்டுப் போவார். ஜொஹரா அம்மாள் அன்றைக்கே வீட்டுக்குப் போய், தன் பேரனுக்குக் கொடுத்துக்கொண்டிருந்த டப்பாவை ஒளித்துவிட்டாராம். ஐந்து வயதுப் பையன். முன்பற்கள் நாலும் கறுத்துப் போய், கண்ணேறு பட்டுவிட்டதோ என்று ஓதிப் பார்த்துக்கொண்டிருந்தார்களாம்.

எல்லோரும் போன பிறகு மங்கை பிளாஸ்க்கைக் கழுவினாள். கழுவியதையே மறுபடி கழுவினாள்.

"நான் ஒரு ஸ்பூன் கூடவே போட்டனே" என்றாள் கடைசியில்.

உனக்கு எப்படித் தெரியும், தெரியாமல்தானே செய்தாய் என்று ஏதோ சொன்னேன். சேகரை வேவு பார்க்க விட்டதற்கும், சட்டையை முகர்ந்ததற்கும் அவள் வருத்தப்பட்டாள். நான் பெருந்தன்மையாக மன்னித்தேன். நிரபராதி என்று நிரூபணம் ஆனவனின் பெருந்தன்மை எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். கொஞ்சம் அசிங்கமாகவே இருக்கும்.

அப்புறம் அவள் சாதாரணமாகத்தான் கேட்டாள்.

"நான் ஒரு நாள்கூட அத வாயில வச்சுப் பாத்ததில்ல. ஒங்களுக்குன்னு வந்தத எடுக்கக் கூடாதுன்னு. நீங்க குடிச்சீங்களே... இனிக்கலியா?"

வாசகர்களே, இந்த இடத்தில் நான் ஒரு பக்கம் எழுதிக் கிழித்துப் போட்டேன். இப்போது உள்ளதைச் சொல்லிவிடுகிறேன்.

இனித்தது. முதல் வாயிலேயே இனித்தது. இருபது வருடம் சர்க்கரை ஆலையில் வேலை பார்க்கிறவன் நான். மூட்டையைத் தொட்டுப் பார்த்தே எந்த ரகம் என்று சொல்லுவேன். என் நாக்குக்கா தெரியாது? நாக்கு அன்றைக்கே சாட்சி சொல்லிவிட்டது. நான்தான் அதை உட்கார வைத்துவிட்டு, டப்பாவின் முன்பக்கத்தைச் சாட்சிக் கூண்டில் ஏற்றினேன். அது சாக்லேட்டுக்கே உள்ள இனிப்பு என்று சொல்லிக்கொண்டேன். வெளிநாட்டுக்காரன் ஏதோ தெரிந்துதான் செய்திருப்பான் என்று சொல்லிக்கொண்டேன். சத்து என்று பேர் வைத்ததும் எத்தனை சௌகரியமாகப் போயிற்று! ஊரெல்லாம் துறவி வேஷம். வீட்டில் மூன்று வேளை பாயசம். குழாய் செங்கலாக மாறியபோதுகூட, அந்த டம்ளரை நிறுத்திப் பார்ப்போமே என்று எனக்கு ஏன் தோன்றவில்லை? தோன்றியது. மறுநாள் பார்க்கலாம் என்று தள்ளிப் போட்டேன். தினமும்.

"இனிச்சுது மங்கை" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். பிளாஸ்க்கின் மூடியை இறுக்கி மூடி, பையில் வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டாள்.

டம்ளர் நின்றதும் குழாய் இறங்க ஆரம்பித்தது. ஆனால் விரல் அதற்குள் கறுத்துவிட்டது. இரண்டு நாள் பார்த்துவிட்டு எடுத்துவிட்டார்கள். அதற்குமேல் விட்டிருந்தால் பாதம் என்றார் டாக்டர். சுண்டுவிரலோடு போனது, பரவாயில்லை. நடக்கும்போது கொஞ்சம் சாய்கிறேன். ஆபீஸில், சார் நடையில் ஒரு ஸ்டைல் வந்துவிட்டது என்கிறார்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு எனக்கு ஒரு புது வியாதி பிடித்தது. டப்பா படிக்கிற வியாதி. அக்கம்பக்கத்து வீடுகளில் இருக்கிற நம் நாட்டுச் சத்துப் பானங்களையெல்லாம் வாங்கிவரச் சொல்லி, பூதக்கண்ணாடி வைத்துப் படித்தேன். அரேபியாக்காரனையே குறை சொல்வானேன்? அங்கேயாவது அது சொந்தப் பேரில் இருந்தது. இங்கே பாருங்கள் – ஒரு டப்பாவில் சர்க்கரை, பக்கத்திலேயே குளுகோஸ், கொஞ்சம் தள்ளி மால்ட் சாரம், அப்புறம் ஏதோ ஒரு பாகு. ஊருக்கு ஊர் வேறு பேரில் திரிகிற கேடி மாதிரி. எல்லோரையும் கூட்டிவந்து ஒரே வரிசையில் நிற்கவைத்தால் முகம் ஒன்றாகவே இருக்கும். போதாததற்கு, அனுமதிக்கப்பட்ட நிறம், அனுமதிக்கப்பட்ட மணம். எவன் அனுமதித்தான்? என் நாக்கை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அதுவும் அனுமதித்திருக்கும், அது வேறு விஷயம்.

டப்பாவின் முன்பக்கத்தில் ஒரு தாயும் பிள்ளையும். பிள்ளை உயரமாக வளர்கிறது, பரீட்சையில் முதலாவதாக வருகிறது, தாயின் கண்ணில் பெருமை. வேர்க்கடலையும் கம்பும் விளைகிற நம் பக்கத்தில், வீட்டில் விளைந்ததை மூட்டை கட்டிச் சந்தைக்கு அனுப்பிவிட்டு, வந்த காசில் இதை வாங்கிப் பிள்ளைக்குக் கலக்கிக் கொடுக்கிறார்கள். நம் வயல் கரும்பு எறையூருக்கு வருகிறது. வெள்ளையாக மூட்டையில் போகிறது. எங்கேயோ போய்ப் பழுப்புச் சட்டை போட்டுக்கொண்டு, டப்பாவில் ஏறி, சத்து என்று பேரும் வாங்கிக்கொண்டு நம் ஊர்க் கடைக்கே திரும்பி வருகிறது. நாமும் எழுந்து நின்று வரவேற்கிறோம்.

மங்கை இப்போது பேசுகிறாள். முன்னைவிடக் கொஞ்சம் குறைவாக. மாலையில் எனக்கு ஒரு டம்ளர் மோர் வருகிறது. அதை அவள் முதலில் ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டுத்தான் என்னிடம் தருகிறாள். இருபத்திரண்டு வருடத்தில் இல்லாத பழக்கம். நான் ஏன் என்று கேட்கவில்லை.

சரி, விரல் போனவனைப் பார்க்க வருகிறவர்கள் சும்மா வருவார்களா? ஆபீஸிலிருந்து நாலு பேர் வந்தார்கள். அவர்கள் போன பிறகு மேஜைமேல் ஒரு டப்பா இருந்தது. மங்கையின் சித்தப்பா வந்தார், ஒரு டப்பா. பக்கத்து வீட்டு வாத்தியார், ஒரு டப்பாவும் குளுகோஸ் பிஸ்கட்டும். என்ன நடந்தது, எதனால் நடந்தது என்று உட்கார்ந்து முழுக் கதையையும் கேட்பார்கள். த்சொ, த்சொ என்பார்கள். எழுந்து போகும்போது பைக்குள் கையை விட்டு டப்பாவை எடுத்து வைத்துவிட்டு, ஒடம்பு தேறணும்ல என்பார்கள். ஆறு டப்பா சேர்ந்துவிட்டது. ஆறையும் மங்கை அலமாரிக்குள் வெல்லத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பூட்டினாள்.

நேற்று சேகர் வந்தான். என்னை அநியாயமாக வேவு பார்த்துவிட்டோமே என்று அவனுக்கு மனசு சரியில்லை. என் காலைத் தொட்டுப் பார்த்துக் கண் கலங்கினான். நல்ல பையன். பிறகு தயங்கித் தயங்கிப் பையைத் திறந்தான்.

மங்கை டப்பாவைப் பார்த்தாள். தம்பியைப் பார்த்தாள். அவள் வாயைத் திறப்பதற்குள் அவன் முந்திக்கொண்டான்.

"இல்லக்கா. இது வேற கம்பெனி."

அவன் சொன்னது வாஸ்தவம். கம்பெனிதான் வேறு.